மூலக்கூறுகளின் ஓட்டப் பந்தயம்!

கடைசியாக வரும் பயில்வானைக் கண்டுபிடிக்கும் குளிர்ந்த தகடு

பின்லாந்து நாட்டுக்கும் சுவீடன் நாட்டுக்கும் நடுவே, கடலில், ஆலந்து என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது.

1924-ம் ஆண்டு, அந்தத் தீவில் இருந்து ஒரு சிறுமி ஹெல்சிங்கி நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளுக்கு வயது 5.

அவளுக்கு ஒரு வினோதமான நோய். சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. மூக்கில் இருந்து ரத்தம் வரத் தொடங்கினால், வந்துகொண்டே இருக்கும். அவளுடன் பிறந்த பெண்களில் சிலர், சின்ன வயதிலேயே இப்படி ரத்தம் போய் இறந்துவிட்டார்கள்.

அவளைப் பரிசோதித்த டாக்டரின் பெயர், எரிக் வான் வில்லிபிராண்ட். அவர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 66 பேரைப் பற்றி விசாரித்தார். அவர்களில் 23 பேருக்கு இந்தக் கோளாறு இருந்தது. இந்த விவரங்களை 1926-ல் அவர் எழுதி வெளியிட்டார்.

ஆனால், நோய்க்கு மூலகாரணம் எது என்பது அவருக்குப் புலப்படவில்லை. மருந்தும் கிடைக்கவில்லை.

சிறுமி வளர்ந்தாள். 13 வயது ஆயிற்று. வயதுக்கு வந்த சில மாதங்களில், மாதவிலக்கின்போது ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

அவளுடைய ரத்தத்தில் இல்லாமல் போனது என்ன?

ஒரே ஒரு புரதம்!

இன்று அந்தப் புரதத்துக்கு, அந்த டாக்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மணிமாலை

ரத்தத்தில் எத்தனையோ புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த வில்லிபிராண்ட் புரதம் ஒரு பயில்வான். உருவத்தில் மிகப் பெரியது.

ரத்தக் குழாயில் ஒரு கிழிசல் ஏற்பட்டால், ரத்தத்தோடு ஓடிவரும் தட்டணுக்களைப் பிடித்து நிறுத்தி, கிழிந்த இடத்தில் ஒட்டவைப்பது இதன் வேலை. தட்டணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டையை அடைக்கும். ரத்தம் நிற்கும்.

இந்தப் புரதம், மணிகளைக் கோத்த மாலையைப் போன்றது. ஒரே மாதிரியான துண்டுகள் ஒன்றோடு ஒன்று கோத்து, நீளமாக இருக்கும். மாலை எவ்வளவு நீளமோ, அவ்வளவு பிடிப்பு!

சிலருடைய ரத்தத்தில் மாலையே இராது. வேறு சிலருக்கு மாலை இருக்கும். ஆனால் எல்லாம் குட்டையாக இருக்கும். நீள மாலை இல்லாததால், அவர்களுக்கும் ரத்தம் எளிதில் நிற்பதில்லை.

ஆகவே, மாலை எவ்வளவு பெரியது என்று அறிவது அவசியம். அதை அறிய ஒரு வழி, எடை போட்டுப் பார்ப்பதுதான்.

மூலக்கூறை எடை போடுவதா? எந்தத் தராசில்?

தராசு போதாது

நகைக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு வைத்திருப்பார்கள். காற்றுப் பட்டாலும் தட்டு ஆடும். பொட்டுத் தங்கத்தைக்கூட அது நிறுத்துக் காட்டிவிடும். ஆனால், அந்தத் தராசுகூட மூலக்கூறிடம் தோற்றுப் போகும்.

ஒரு மடக்குத் தண்ணீரின் எடை 18 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கின்றன தெரியுமா?

சுமார் 600 கோடி கோடி கோடி!

இவ்வளவு சின்னப் பொருளை நிறுக்க, விஞ்ஞானிகள் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் லேசானது ஹைட்ரஜன் அணு. அதன் எடை ஏறக்குறைய 1.

அந்தக் கணக்கில், தண்ணீர் மூலக்கூறின் எடை 18. சர்க்கரை 342. நீரிழிவு நோய்க்கு ஊசி போடும் இன்சுலின் சுமார் 5,800. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் சுமார் 66,000.

வில்லிபிராண்ட் புரதமோ, ஒரு மணி மட்டும் சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம்! நீண்ட மாலையின் எடை 2 கோடி வரை போகும்.

ஓட விட்டுப் பார்!

தராசு இல்லாமல் எடை போடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அது ஓட்டப் பந்தயம்!

கேரம் பலகையில் ஒரு காயை விரலால் சுண்டினால், விர்ரென்று ஓடும். அதே வேகத்தில் ஒரு கருங்கல்லைச் சுண்டினால், அது மெல்ல நகரும். தள்ளுகிற பலம் ஒன்றுதான். ஆனால், லேசானது முந்தும், கனமானது பிந்தும். யார் எப்போது வந்தார்கள் என்று குறித்துக்கொண்டால், எடையைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

1946-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன்ஸ் என்ற விஞ்ஞானி, இந்த யோசனையை வெளியிட்டார்.

முதலில், மூலக்கூறுக்கு மின்சாரம் ஏற்றவேண்டும். பிறகு, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்த ஒரு குழாயின் வாயிலில், பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தால் அதைத் தள்ளவேண்டும். குழாயின் மறுமுனையில் ஒரு கருவி காத்திருக்கும். மூலக்கூறு வந்து மோதியதும், அது ‘டக்’ என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

எடை 4 மடங்கானால், பந்தய நேரம் 2 மடங்காகும். எடை 100 மடங்கானால், நேரம் 10 மடங்காகும். இதுதான் கணக்கு.

குழாயின் நீளம் 1 மீட்டர். தள்ளும் மின்சாரம் 20 ஆயிரம் வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாடியை 10 லட்சம் பங்காகப் பிரித்து, அதில் அரைப் பங்கு நேரத்தில் ஹைட்ரஜன் அணு போய்ச் சேர்ந்துவிடும். ஆல்புமின் வருவதற்கு சுமார் 130 பங்கு நேரம் ஆகும். எடை 10 லட்சம் உள்ள பயில்வானுக்கு சுமார் 510 பங்கு நேரம் பிடிக்கும்.

1955-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வைலி, மெக்லாரன் என்ற இருவர், பெண்டிக்ஸ் கம்பெனிக்காக இந்தக் கருவியைத் திருத்தி அமைத்தார்கள். அது விற்பனைக்கும் வந்தது.

ஆனால், ஒரு தொல்லை. வாயுக்களை ஓட விடலாம். புரதத்தை ஓட விட முடியவில்லை. புரதம் ஆவியாகிக் கிளம்புவதற்குள் கருகி உடைந்துவிடும். பயில்வானைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுவரவே வழியில்லை!

தவறிப்போன கலவை

வழியைத் திறந்தவர், ஜப்பானில் உள்ள கியோட்டோ நகரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த ஒரு வாலிபர். பெயர், கோய்ச்சி தனாகா.

தனாகா பிறந்து ஒரு மாதம் ஆவதற்குள், அவருடைய தாயார் நோயால் இறந்துவிட்டார். உறவினர் வீட்டில், அவர்களையே பெற்றோர் என்று நம்பி வளர்ந்தார். கல்லூரிக்குப் புறப்படும் சமயத்தில்தான் அவருக்கு உண்மை தெரிந்தது. அவர் படித்தது மின்சார என்ஜினீயரிங். 1983-ல் ஷிமாட்சு கம்பெனியில் சேர்ந்தார்.

1985 பிப்ரவரி மாதம். தனாகாவுக்கு வயது 25. மூலக்கூறு கருகிவிடாமல் லேசர் ஒளியால் கிளப்புவதற்கு, நுண்ணிய கோபால்ட் தூளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் கை தவறிவிட்டது. தூளோடு அசிட்டோன் ஊற்றுவதற்குப் பதிலாக, கிளிசரினை ஊற்றிவிட்டார்!

வேறு யாராக இருந்தாலும் கொட்டியிருப்பார்கள். அவருக்கு வீணாக்க மனம் வரவில்லை. அந்தக் கலவையையே கருவிக்குள் வைத்து, லேசர் ஒளியைப் பாய்ச்சினார்.

இதுவரை தெரியாத ஒரு கோடு தெரிந்தது!

உள்ளே இருந்த வைட்டமின் பி12, உடையாமல் முழுதாக ஓடி வந்திருந்தது. அதன் எடை சுமார் 1,350. பிறகு பெரிய பெரிய புரதங்களையும் அவர் கிளப்பினார். எடை 1 லட்சத்தைத் தாண்டியது.

ஜெர்மனியில் காரஸ், ஹில்லன்காம்ப் என்ற விஞ்ஞானிகளும் 1988-ல் இதைப்போன்ற ஒரு வழியைக் கண்டார்கள். உலகம் முழுவதும் இன்று அதிகமாகப் பயன்படுவது அவர்களுடைய வழிதான்.

2002 அக்டோபர் 9-ந் தேதி, தனாகாவுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. டாக்டர் பட்டம் இல்லாத 43 வயது என்ஜினீயர். கம்பெனியின் வேலை உடுப்போடு வந்து பத்திரிகை நிருபர்கள் முன் உட்கார்ந்தார்!

பயில்வானைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது. அத்துடன் தொல்லை தீர்ந்ததா?

இல்லை. இன்னொரு தொல்லை, குழாயின் மறுமுனையில் காத்திருந்தது.

கேளாத காது

மறுமுனையில் காத்திருப்பது ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு. அதில் தலைமுடியை விட நுண்ணிய துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும்.

வேகமாக வரும் மூலக்கூறு, துளையின் சுவரில் மோதும். அந்த அடியில் ஒரு எலெக்ட்ரான் தெறிக்கும். அது எதிர்ச் சுவரில் மோதி, சில எலெக்ட்ரான்களைத் தெறிக்க வைக்கும். அவை இன்னும் பலவற்றைக் கிளப்பும். சரவெடியில் ஒரு வெடி பற்றினால், மற்றவை தாமாக வெடிப்பது போல! ஒரு நொடியில் ஒன்று, பல ஆயிரமாகப் பெருகும். அதைக் கருவி குறித்துக்கொள்ளும்.

லேசான மூலக்கூறுகளுக்கு இந்த ஏற்பாடு அருமையானது. ஆனால், பயில்வான்?

அவன் மெதுவாக வருகிறான். எடை கூடக்கூட, வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால், முதல் எலெக்ட்ரான் தெறிப்பதில்லை. முதல் வெடி பற்றாவிட்டால் சரவெடி ஏது?

ஒரு சிறு கூழாங்கல்லை வீசினால், ஜன்னல் கண்ணாடி சடக்கென்று உடையும். ஒரு பஞ்சு மூட்டை மெல்ல வந்து சாய்ந்தால், கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் இருப்பவர்களுக்கு யாரோ வந்ததுகூடத் தெரியாது.

இப்படித்தான், கனமான புரதங்கள் பந்தயத்தில் கடைசிவரை ஓடி வந்தும், வந்ததாகக் கணக்கில் எழுதப்படாமல் போயின!

அவற்றின் வருகையை அறிய வேறு ஒரு காது தேவைப்பட்டது. வேகத்தைப் பார்க்காமல், மோதலில் உள்ள மொத்த சக்தியையும் உணரக்கூடிய காது. பயில்வான் மெதுவாக வந்தாலும், அவன் கொண்டுவரும் சக்தி மற்றவர்கள் கொண்டுவருவதைவிடக் குறைந்தது அல்ல. எல்லோரையும் தள்ளிய பலம் ஒன்றுதானே!

அந்தக் காதுக்கு வேண்டிய பொருள், பல ஆண்டுகளுக்கு முன்பே ஹாலந்து நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

லைடன் நகரத்து அதிசயம்

ஹாலந்தில் லைடன் நகரம். அங்கே காமர்லிங் ஓன்னஸ் என்ற பேராசிரியர், உலகத்திலேயே மிகக் குளிர்ந்த ஆராய்ச்சிசாலையை நடத்தி வந்தார்.

எவ்வளவு குளிர வைத்தாலும் திரவமாகாமல் அடம்பிடித்த வாயு, ஹீலியம். 1908 ஜூலை 10-ந் தேதி, அதையும் அவர் திரவமாக்கினார். விடியற்காலையில் தொடங்கிய வேலை, இரவில்தான் முடிந்தது. கிடைத்த திரவம், 60 கன சென்டிமீட்டர். ஒரு டம்ளருக்கும் குறைவு!

1911 ஏப்ரல் 8-ந் தேதி, பாதரசத்தை அவர் ஹீலியத்தால் குளிர வைத்தார். அதில் மின்சாரம் செலுத்திப் பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரியில், பாதரசத்தின் மின்தடை திடீரென்று மறைந்துவிட்டது! மின்சாரம் ஒரு தடையும் இல்லாமல் ஓடியது.

இதற்கு ‘மீக்கடத்தல்’ என்று பெயர். 1913-ல் ஓன்னசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதன் காரணத்தை 1957-ல்தான் அமெரிக்காவில் பார்டீன், கூப்பர், ஷ்ரீபர் என்ற மூவர் விளக்கினார்கள். அவர்களுக்கும் 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் சொன்னது இதுதான்:

சாதாரண உலோகத்தில் எலெக்ட்ரான்கள், சந்தைக் கூட்டத்தில் போகிறவர்களைப் போல இடித்துக்கொண்டு போகின்றன. கடுங்குளிரில் அவை இரண்டு இரண்டாகச் சேர்ந்து ஜோடியாகின்றன. ஜோடிகள் எல்லாம் ஒரே தாளத்தில் நகர்கின்றன. அதனால் இடியும் இல்லை, தடையும் இல்லை.

இந்த ஜோடிகளைப் பிரிப்பதற்கு மிக மிகச் சிறிய சக்தி போதும். இதுதான் முக்கியம்!

ஜோடி பிரிகிறது

நியோபியம் என்ற உலோகத்தில் இரண்டு மெல்லிய தகடுகள். நடுவே, மிக மிக மெல்லிய ஒரு தடுப்பு. இதுதான் புதிய காது. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரிலும் குறைவு. அதைப் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 272 டிகிரி வரை குளிர வைக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு டிகிரி அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. 273.15-க்குக் கீழே குளிர் என்பதே கிடையாது!

மூலக்கூறு வந்து மோதுகிறது. வேகமாக வந்தாலும் சரி, மெதுவாக வந்தாலும் சரி, அது கொண்டுவந்த சக்தி தகட்டுக்குள் பரவுகிறது. பல லட்சம் ஜோடிகள் பிரிகின்றன. பிரிந்த எலெக்ட்ரான்கள் தடுப்பைத் தாண்டி அடுத்த தகட்டுக்குப் போகின்றன. மின்சாரம் சிறிது துடிக்கிறது.

பயில்வான் வந்துவிட்டான்!

1996-ல் சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் நகரில், டேமியன் ட்வெரன்போல்ட் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும், இப்படிப்பட்ட குளிர்ந்த தகட்டில் புரத மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மற்றொரு கூட்டத்தார் 66,000 எடையுள்ள ஆல்புமினைப் பிடித்தார்கள்.

1998-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில், மோதும்போது உண்டாகும் அணுவளவு வெப்பத்தைக்கூட அளக்கும் மற்றொரு குளிர்ந்த கருவியைச் செய்தார்கள். அதில் பங்குகொண்ட ஜான் மார்ட்டினிஸ், மீக்கடத்தும் மின்சுற்றுகளில் அதற்கு முன்பே செய்திருந்த வேறு ஓர் ஆராய்ச்சிக்காக, 2025-ல் நோபல் பரிசு பெற்றார்.

பிறகு, 2005-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்து அந்தச் செய்தி வந்தது. குளிர்ந்த தகடு பொருத்திய கருவியில், விஞ்ஞானிகள் வில்லிபிராண்ட் புரதத்தையே ஓட விட்டார்கள். 10 லட்சத்தைத் தாண்டி, 20 லட்சம் வரை எடையுள்ள மூலக்கூறுகள் வந்து மோதியதைக் கருவி குறித்தது!

ஆலந்துத் தீவுச் சிறுமியின் உடலில் இல்லாமல் போன அதே பயில்வான்தான்.

ஒரே சமயத்தில் இருவர்

குளிர்ந்த தகட்டுக்கு இன்னொரு திறமையும் உண்டு.

சில சமயம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேருவார்கள். உதாரணம், காற்றில் உள்ள நைட்ரஜன். தனி நைட்ரஜன் அணுவின் எடை 14. இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறின் எடை 28. அணுவுக்கு ஒரு பங்கு மின்சாரமும், மூலக்கூறுக்கு இரு பங்கு மின்சாரமும் ஏறிவிட்டால், இரட்டை எடைக்கு இரட்டைத் தள்ளு கிடைத்துவிடும். இரண்டும் ஒன்றாகவே ஓடி வரும்!

சாதாரணக் கருவி, இரண்டையும் ஒன்று என்றே எழுதும். குளிர்ந்த தகடு ஏமாறாது. இரு பங்கு மின்சாரம் ஏறியது, இரட்டைச் சக்தியோடு மோதும். அதை வைத்து, “வந்தவர் வேறு” என்று சொல்லிவிடும். ஜப்பானில் சுகுபா நகர விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டினார்கள்.

என்ன கஷ்டம்?

இவ்வளவு திறமை இருந்தும், இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடவில்லை. வில்லிபிராண்ட் நோயை டாக்டர்கள் வேறு ரத்தச் சோதனைகளால்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

காரணங்கள் மூன்று.

முதலாவது, குளிர். அவ்வளவு குளிரை உண்டாக்கும் எந்திரத்துக்குச் செலவு அதிகம். மூலக்கூறு உள்ளே வர வழி திறந்திருக்கவேண்டும். அந்த வழியாக அறையின் வெப்பம் நுழைந்துவிடக்கூடாது.

இரண்டாவது, தகடு மிகச் சிறியது. ஓடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அதன்மீது படாமல் பக்கத்தில் போய்விடுவார்கள். அதனால் பல தகடுகளை வரிசையாகப் பதிக்கவேண்டும்.

மூன்றாவது, நிதானம். ஒரு மோதலை உணர்ந்து, அடுத்த மோதலுக்குத் தயாராவதற்குள் சிறிது நேரம் கடந்துவிடும். பந்தயத்தில் அந்தச் சிறிது நேரமும் பெரிது.

இந்தக் கடைசிக் கஷ்டத்தைத் தீர்க்க, நியோபியம் நைட்ரைடு என்ற பொருளை, நூலைவிட மெல்லிய பட்டைகளாக இழைத்து, அவற்றின்மேல் மூலக்கூறுகளை மோத விட்டிருக்கிறார்கள். மோதிய இடத்தில் மீக்கடத்தல் ஒரு கணம் அறுந்துபோகும். உடனே மின்சாரம் துடிக்கும். ஒரு வினாடியை 100 கோடி பங்காகப் பிரித்து, அதில் சில பங்கு நேரத்திலேயே இது பதில் சொல்லிவிடுகிறது. ஜப்பானிலும் இத்தாலியிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது.

தீவுக்குத் திரும்பிய மருந்து

சிறுமி இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1957-ல், சுவீடன் நாட்டு டாக்டர்கள் ஆலந்துத் தீவுக்குப் போனார்கள். அந்தக் குடும்பத்தாரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறருடைய ரத்தத்தில் இருந்து பிரித்த ஒரு பொருளை ஏற்றினால், இந்த நோயாளிகளுக்கு ரத்தம் நிற்கிறது என்பதை அந்த ஆண்டுகளில் அவர்கள் கண்டார்கள்.

அந்தப் பொருளில் இருந்தது, வில்லிபிராண்ட் புரதம்தான்!

இன்று இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. பல் பிடுங்குவதற்கும், பிரசவத்துக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட்டால், தக்க ஏற்பாடு செய்துவிடுவார்கள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருவது, மாதவிலக்கில் அளவு மீறி ரத்தம் போவது, குடும்பத்தில் பலருக்கு இப்படி இருப்பது - இவை இருந்தால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஆலந்துச் சிறுமியின் ரத்தத்தில் எது இல்லை என்று, அவள் காலத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. அது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் எட்டாது. பந்தயத்தில் ஓட விட்டாலும், ஓசையில்லாமல் கடைசியாக வரும்.

அது வந்து சேருவதை, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளிர்ந்த தகடு இன்று கேட்டுச் சொல்கிறது!